பானட்டுக்கு அடியில் தொங்கும் இன்சுலேஷன் பேட்: மாற்றுவதா, கழற்றி எறிவதா?

புதுச்சாவி எழுதியது:
என் காரின் பானட்டைத் திறந்தால், உள்பக்கம் இருக்கும் கறுப்பு இன்சுலேஷன் பேட் நடுவில் தொய்ந்து தொங்குகிறது. மேல்துணி கிழிந்து உள்ளே இருக்கும் மஞ்சள் பஞ்சு தெரிகிறது. ஓரத்தில் சில கிளிப்புகளையும் காணவில்லை. அது சத்தத்துக்காக மட்டும் வைத்தது, பிய்த்துப் போட்டுவிட்டு ஓட்டுங்கள் என்றார் ஒரு மெக்கானிக். அது இல்லாவிட்டால் பானட் பெயின்ட் வெந்துவிடும் என்றார் இன்னொருவர். வெள்ளித்தாள் வைத்த ஒட்டும் ஃபோம் கடைகளில் கிடைக்கிறது; அதை ஒட்டினால் போதுமா? வண்டி டர்போ டீசல்.

நெடுஞ்சாலை எழுதியது:
முதல் மெக்கானிக் சொன்னதே சரி. ஒரே மாடலில் விலை குறைந்த வகைகள் பல, இந்த பேட் இல்லாமலேயே தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. இன்ஜின் அதுதான், பானட் அதுதான், பெயின்டும் அதுதான். அவை நன்றாகத்தான் ஓடுகின்றன.

பெயின்ட் வெந்துவிடும் என்பதை நான் ஏற்கவில்லை. தொழிற்சாலையில் காரின் பெயின்டை 140 டிகிரி செல்சியஸ் அளவிலான சூட்டறையில் வைத்துத்தான் இறுகச் செய்கிறார்கள். ஓடும் வண்டியின் பானட் தகடு அந்தச் சூட்டுக்கு அருகில்கூடப் போவதில்லை. பானட்டின் பளபளப்பைக் கெடுப்பது மேலிருந்து விழும் வெயிலின் புற ஊதாக் கதிர். கீழே பேட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும்.

திருப்புளி எழுதியது:
முதலில் புதுச்சாவிக்கு ஒன்று: தொங்கும் பேட்டை இன்றே கழற்றிவிடுங்கள். மாற்றுவதா வேண்டாமா என்பதை நிதானமாகப் பேசிக்கொள்ளலாம். தொங்குகிற பேட், இன்ஜின் புகையின் வேகத்தில் சுழன்று கொதிக்கும் டர்போவையோ, அந்தப் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு குழாயையோ தொட்டால் கருகும். பெல்ட்டில் சிக்கினால் பெல்ட்டையே தள்ளிவிடும். உதிர்ந்த பஞ்சு முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காற்றுத் துவாரம் வழியாக கேபின் ஃபில்டரில் போய் அடைத்துக்கொள்ளும்.

இனி நெடுஞ்சாலைக்கு. 140 டிகிரி கணக்கு தொழிற்சாலை பெயின்டுக்குப் பொருந்தும். மோதலுக்குப் பிறகு ஒர்க்‌ஷாப்பில் மறுபடி பெயின்ட் அடித்த பானட்டுக்குப் பொருந்தாது. அங்கே பொதுவாக 60 டிகிரி சூட்டில்தான் காயவைக்கிறார்கள். அதோடு, வண்டி ஓடும்போது இருக்கும் சூட்டை மட்டும் பார்த்தால் போதாது. நீண்ட தூரம் ஓட்டிவிட்டு இன்ஜினை அணைத்ததும் காற்றோட்டம் நின்றுவிடுகிறது. டர்போவில் தேங்கிய வெப்பம் நேராக மேலே ஏறுகிறது. அதற்கு மேலிருக்கும் அந்த ஒரு இடத்தில் பானட்டைத் தொட்டுப் பாருங்கள், மற்ற இடத்தைவிட எவ்வளவு சுடுகிறது என்று தெரியும். விலை குறைந்த வகையில் பேட் இல்லை என்பது உண்மை. அது செலவு மிச்சம் பிடித்ததற்குச் சான்று. பேட்டுக்கு வேலை இல்லை என்பதற்குச் சான்று ஆகாது.

ஓசைவேட்டை எழுதியது:
பழைய பேட்டைத் தேடி அலைய வேண்டாம். முதலில் பியூட்டைல் ஷீட் (ரப்பர் போன்ற கனமான ஒட்டும் ஷீட்), அதன்மேல் வெள்ளித்தாள் ஃபோம். பானட் முழுவதும் இடைவெளி விடாமல் ஒட்டுங்கள். கிளிப்பே தேவையில்லை, தொங்கவும் தொங்காது. நான் ஒட்டியிருக்கிறேன். பானட்டை மூடும்போது வரும் ஒலியே மாறிவிட்டது; தகரச் சத்தம் போய்க் கனமான சத்தம் வருகிறது. டீசலின் கடகடப்பும் அடங்கியிருக்கிறது. விற்பவர்கள் தீப்பிடிக்காது என்று சான்றிதழே தருகிறார்கள்.

திருப்புளி எழுதியது:
ஓசைவேட்டை அவர்களே, பானட்டை மூடும் சத்தம் மாறியது உண்மையாகவே இருக்கும். பியூட்டைல் ஷீட் தகட்டின் அதிர்வை அடக்குவது; அது காற்றில் வரும் ஒலியை உறிஞ்சாது. இன்ஜினின் கடகடப்பு காற்றில் வருகிறது. அதை உறிஞ்சத் துளைகள் நிறைந்த பஞ்சு வேண்டும். ஒலி அந்தத் துளைகளுக்குள் நுழைந்து உராய்ந்து வெப்பமாக மாறுகிறது. கெட்டியான வெள்ளித்தாளை மேலே ஒட்டினால் ஒலியில் பெரும்பகுதி உள்ளே நுழையாமல் திரும்பிவிடும். தொழிற்சாலை பேட்டின் மேல்துணி ஒலி ஊடுருவும்படி மெல்லியதாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

பஞ்சின் தடிமனையும் பாருங்கள். ஓர் ஒலியின் அலைநீளத்தில் கால் பங்கு தடிமன் இருந்தால்தான் பஞ்சு அதை நன்றாக உறிஞ்சும். 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 34 சென்டிமீட்டர். கால் பங்கு 8.5 சென்டிமீட்டர். 2 சென்டிமீட்டர் பேட் 4000 ஹெர்ட்ஸைத் தாண்டிய ஒலியில்தான் முழுப் பலன் தரும். டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் டிக் டிக் சத்தம் குறையும். இன்ஜினின் அடித்தொண்டை உறுமல் குறையாது, அதற்கு இந்த பேட்டும் உதவாது, உங்கள் ஃபோமும் உதவாது.

சான்றிதழைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பல கடைகள் காட்டுவது எஃப்எம்விஎஸ்எஸ் 302 என்ற அமெரிக்கத் தரநிலை. பயணிகள் உட்காரும் பகுதியில் இருக்கும் பொருள்களுக்காக வந்த விதி அது. தீ நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் பரவக்கூடாது என்கிறது. தீப்பிடிக்காது என்று அதற்குப் பொருள் இல்லை, மெதுவாக எரியும் என்றுதான் பொருள். டர்போவுக்கு மேல் ஒட்டப்போகும் பொருளுக்கு இந்தச் சான்று போதுமா? ஒட்டும் பசை சூட்டில் இளகி, ஃபோம் ஓரத்தில் உரிந்து தொங்கத் தொடங்கினால் புதுச்சாவி மறுபடி இதே கேள்வியோடு வரவேண்டியிருக்கும்.

ஓசைவேட்டை எழுதியது:
நல்ல பசை இளகாது. பானட்டை நன்றாகத் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் ஒட்டியதால்தான் என்னுடையது உரியவில்லை. மலிவான தார் ஷீட்டை வாங்கி ஒட்டிவிட்டுக் குறை சொல்பவர்கள்தான் அதிகம். காதுக்குக் கேட்கும் மாற்றத்தைக் கணக்குப் போட்டு இல்லை என்று சொல்லிவிட முடியாது.

நெடுஞ்சாலை எழுதியது:
பசை நல்லதாகவே இருக்கட்டும். பியூட்டைல் ஷீட்டின் எடையை யார் தாங்குவது? கேஸ் ஸ்ட்ரட் (திறந்த பானட்டைத் தாங்கும் வாயுத் தண்டு) வைத்த பானட்டாக இருந்தால், கூடுதல் எடையால் தானாக இறங்கும் ஆபத்து உண்டு. பின்னாளில் தகட்டை நெளிவெடுக்க வேண்டி வந்தால், ஒட்டியதை எல்லாம் சுரண்டி எடுக்க வேண்டும்.

புது பேட்டுக்கும் நான் எதிராகத்தான் இருக்கிறேன். யாரும் எலியைப் பற்றிப் பேசவில்லையே! நிறுத்தி வைத்த வண்டியில் எலிக்குக் கிடைக்கும் மிக நல்ல பஞ்சு இந்த பேட்தான். பிய்த்து எடுத்து இன்ஜின் மேல் கூடு கட்டும், கூட்டுக்குப் பக்கத்திலிருக்கும் வயரையும் கடிக்கும். பேட் ஈரத்தைப் பிடித்துவைத்தால் தகட்டின் மடிப்பில் துருவும் வரும். பேட் இல்லாத பானட்டைத் துடைக்கலாம், கசிவு தெறித்திருந்தால் கண்ணால் பார்க்கலாம்.

புதுச்சாவி எழுதியது:
எலிப் புழுக்கை இருந்தது உண்மை. ஒரு சந்தேகம். இன்ஜினில் தீப்பிடித்தால் பிளாஸ்டிக் கிளிப் உருகி, பேட் இன்ஜின் மேல் விழுந்து தீயை அமுக்கிவிடும் என்கிறார்களே?

கரித்துகள் எழுதியது:
அந்தப் பேச்சை நானும் பல காலமாகக் கேட்கிறேன். உங்கள் வண்டியின் கையேட்டில் அப்படி எழுதியிருந்தால் ஒழிய அதை நம்பி இருக்காதீர்கள். பேட்டுக்குள் பஞ்சாக இருக்கும் கண்ணாடி இழை எளிதில் எரியாது. ஆனால் ஆயிலும் டீசலும் ஊறிய பேட் விளக்குத் திரிபோல எரியும். எண்ணெய் ஊறியிருந்தால் அதைக் கழுவிப் பயன்படுத்தும் யோசனையே வேண்டாம். கசிவைச் சரிசெய்துவிட்டுப் புதிது போடுங்கள். பானட்டிலிருந்து புகை வந்தால் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, எல்லோரும் இறங்கித் தள்ளிப் போங்கள். பானட்டை முழுவதும் திறக்கவே திறக்காதீர்கள். உள்ளே புகும் காற்று தீயை வளர்க்கும்.

திருப்புளி எழுதியது:
கரித்துகள் சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். எலி விஷயத்தில் நெடுஞ்சாலையின் கவலை நியாயமானது. ஆனால் எலி வரும் இடத்தில் பேட் இல்லாவிட்டாலும் வயரைக் கடிக்கத்தான் செய்யும். எலியைத் தனியாகத் தடுக்க வேண்டும். டர்போ டீசலுக்கு என் பதில் மாறவில்லை: அதே மாடலுக்கான, அச்சில் வார்த்த பேட், புதுக் கிளிப்புகளோடு. தடிமனானதை வாங்கித் திணிக்காதீர்கள். பானட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் விட்டிருக்கும் இடைவெளி, நடந்து போகிறவர் மீது வண்டி மோதினால் தகடு நெளிந்து அடியைக் குறைப்பதற்காகவும்தான்.

கழற்றும்போது கையுறை, முழுக்கைச் சட்டை, முகக்கவசம் மூன்றும் வேண்டும். பேட்டின் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்தால் இழை பறக்காது. காற்றுக் குழாயால் ஊதி விடாதீர்கள். கண்ணாடிப் பஞ்சு இழை தோலையும் கண்ணையும் தொண்டையையும் அரிக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை, புற்றுநோய் உண்டாக்குமா என்று வகைப்படுத்த இயலாத மூன்றாம் பிரிவில்தான் வைத்திருக்கிறது. ஆகவே பதற வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்.

நெடுஞ்சாலை எழுதியது:
எண்ணெய் ஊறியதைத் தூக்கி எறிய வேண்டும், ஃபோம் ஒட்டக்கூடாது என்பதில் நமக்குள் சண்டை இல்லை. புது பேட் கட்டாயம் என்பதை இப்போதும் நான் ஏற்கவில்லை. பானட் தொழிற்சாலை பெயின்டோடு இருந்து, சத்தம் தொந்தரவாகவும் இல்லை என்றால் அந்தப் பணத்தில் பழைய ரப்பர் குழாய்களை மாற்றுங்கள்.

புதுச்சாவி எழுதியது:
பேட்டைக் கழற்றிவிட்டேன். டர்போவுக்கு நேர் மேலே கருகிய வட்டம் இருக்கிறது. பானட் முன்பு ஒருமுறை மறுபெயின்ட் ஆனது, எனவே அதே மாடல் பேட்டையே வாங்குகிறேன். கிளிப் பழையதில் சில நன்றாக இருக்கின்றன, அவற்றைப் போடலாமா?

திருப்புளி எழுதியது:
வேண்டாம். சூட்டில் இறுகிய பிளாஸ்டிக் இரண்டாம் முறை அழுத்தும்போது உடையும். எல்லாவற்றையும் புதிதாக வாங்குங்கள். கிளிப்பின் அளவு மாடலுக்கு மாடல் மாறும், பழையது ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். முன்கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் வாஷர் குழாய் பேட்டின் பின்னால்தான் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். அதை அதன் பிடிப்பில் மாட்டிய பிறகு, நடுக் கிளிப்பிலிருந்து தொடங்கி ஓரத்துக்குப் போங்கள்.