பிளேனோவில் கிண்டர்கார்டன்: 9 வாங்கிய ஸ்கூலா, 4 வாங்கிய ஸ்கூலா?

காவேரிக்கரை:
வணக்கம். ஜூனில் பீனிக்ஸிலிருந்து டாலஸ் பக்கம் வருகிறோம். வீட்டுக்காரருக்கு பிளேனோ லெகசி பக்கம் வேலை. மகளுக்கு மே மாதம் ஐந்து வயது முடிகிறது, 2026 ஆகஸ்டில் கிண்டர்கார்டன் சேர்க்க வேண்டும். பார்த்ததில் இரண்டு அபார்ட்மெண்ட் மிச்சம் இருக்கின்றன. ஒன்று மேற்கே, பிரெஸ்டன் ரோட்டைத் தாண்டி. அந்த ஏரியா எலிமெண்டரி ஸ்கூலுக்கு கிரேட்ஸ்கூல்ஸ் தளத்தில் பத்துக்கு 9. இன்னொன்று 75 ஹைவேக்குக் கிழக்கே. அந்த ஸ்கூலுக்கு 4. வருமானம் குறைந்த குடும்பங்கள் அதிகமுள்ள, 'டைட்டில் ஒன்' என்கிற வகை ஸ்கூல் வேறு. ஆனால் வாடகை மாதம் 700 டாலர் குறைவு. இரண்டுமே பிளேனோ ஐஎஸ்டி என்கிற ஒரே ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்தான். ஒரே டிஸ்ட்ரிக்டுக்குள் எப்படி இவ்வளவு வித்தியாசம்? அந்த 4ஐப் பார்த்து நான் பயப்பட வேண்டுமா? இரண்டு வாரமாக இதே யோசனைதான்.

மேற்கு_செந்தில்:
சிஸ்டர், யோசிக்கவே வேண்டாம், 9ஐ எடுங்க. நாம ஊரு, உறவு எல்லாத்தையும் விட்டுட்டு இங்க கிடக்கிறதே பிள்ளைங்களுக்காகத்தான். அதுல போய் 700 டாலர் மிச்சம் பிடிக்கலாமா? என் பையன் மேற்குப் பக்க ஸ்கூல்ல ரெண்டாம் கிளாஸ். கூடப் படிக்கிற பசங்க எல்லாம் தடிமனான புக்கைக் கையில வெச்சுக்கிட்டு அலையுறாங்க. அதைப் பார்த்து இவனும் படிக்கிறான். நான் ஒரு நாள்கூட 'படி'ன்னு சொன்னதில்ல. சேர்க்கைதான் பிள்ளைய வளர்க்கும்னு நம்ம பெரியவங்க சொன்னது சும்மா இல்ல. நாளைக்கு வீடு வாங்கினாலும் விக்கும்போது முதல்ல கேக்குறது ஸ்கூல் ரேட்டிங்தான்.

வகுப்பறை_மீனா:
காவேரிக்கரை, நான் இந்தப் பகுதி எலிமெண்டரி ஸ்கூல்களில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். அந்த 9ம் 4ம் எதிலிருந்து வருகின்றன என்று சொல்கிறேன். எலிமெண்டரிக்கு அந்த எண்ணின் அடிப்படை பெரும்பாலும் ஸ்டார் என்கிற டெக்சஸ் மாநிலத் தேர்வு. அதை மூன்றாம் வகுப்பிலிருந்துதான் எழுதுகிறார்கள். உங்கள் மகள் படிக்கப்போகும் கிண்டர், முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு மூன்றிலும் அந்தத் தேர்வே கிடையாது. அவளுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கப் போகிற டீச்சரைப் பற்றி அந்த எண்ணுக்கு எதுவும் தெரியாது.

இன்னொன்று. 2025ல் டெக்சஸ் சட்டசபை ஸ்டார் தேர்வையே எடுத்துவிடச் சட்டம் போட்டுவிட்டது. 2027-28லிருந்து அதற்குப் பதில் வருடத்துக்கு மூன்று சிறிய தேர்வுகள். உங்கள் மகள் மூன்றாம் வகுப்புக்கு வருவது 2029-30ல். அவள் எழுதவே போகாத தேர்வின் மார்க்கை வைத்து வாடகை கட்டப் பார்க்கிறீர்கள்.

ஒரே டிஸ்ட்ரிக்ட் என்பதால் பாடத்திட்டம் ஒன்று, டீச்சர் சம்பள அட்டவணையும் ஒன்று. கிண்டரிலிருந்து நான்காம் வகுப்புவரை ஒரு வகுப்பில் 22 பிள்ளைகளுக்கு மேல் கூடாது என்ற மாநிலச் சட்டமும் இரண்டு ஸ்கூலுக்கும் பொது. டைட்டில் ஒன் என்றாலே நம்மவர்கள் முகம் சுளிக்கிறார்கள், அது எனக்கு மிகவும் வருத்தம். வருமானம் குறைந்த குடும்பங்கள் அதிகமுள்ள ஸ்கூலுக்கு ஃபெடரல் அரசு 1965லிருந்து கூடுதலாகத் தரும் பணம் அது. நான் பார்த்த இடங்களில் அந்தப் பணத்தில்தான் படிப்பில் பின்தங்கும் பிள்ளைகளுக்குத் தனி டீச்சர் வைத்திருக்கிறார்கள்.

மேற்கு_செந்தில்:
மீனா மேடம், மரியாதையோடவே மறுக்கிறேன். தேர்வு இல்லன்னா குறையே இல்லன்னு ஆயிடுமா? மூணாம் கிளாஸ்ல பாதிப் பேருக்கு வாசிக்க வரலன்னா, அந்தக் கோளாறு கிண்டர்லயே ஆரம்பிச்சதுதானே? மார்க்கு அப்புறம்தான் அதைக் காட்டுது. இன்னொரு கேள்வி. காவேரிக்கரை பொண்ணு வீட்டுலயே எழுத்து தெரிஞ்சு போகும்னு வெச்சுக்குவோம். கிளாஸ்ல 20 பேர்ல 12 பேருக்கு ஏ, பி, சியே தெரியாது. டீச்சர் யாரைப் பார்ப்பாங்க? இந்தப் பொண்ணு ஓரமா உக்காந்து கலர் அடிச்சுக்கிட்டு இருக்கணுமா? டீச்சர் நல்லவங்கதான். அவங்களுக்கும் ரெண்டு கைதானே?

வகுப்பறை_மீனா:
நியாயமான கேள்வி. நடப்பதைச் சொல்கிறேன். காலையில் வாசிப்பு நேரம். வகுப்பின் ஓரத்தில் அவரைக்கொட்டை வடிவத்தில் ஒரு மேஜை. உள்வளைவில் டீச்சர், வெளியே நான்கு பிள்ளைகள். நான்கு பேரும் ஒரே நிலை. ஆளுக்கொரு மெல்லிய புத்தகம், விரல் வைத்து வாசிப்பார்கள். இருபது நிமிடம் ஆனதும் அடுத்த நால்வர், அவர்களுக்கு வேறு புத்தகம். எழுத்து தெரியாதவனுக்குத் தட்டில் மணலில் எழுத்து, நன்றாக வாசிப்பவளுக்கு நீண்ட கதை. டைட்டில் ஒன் ஸ்கூல்களில் வாசிப்பு டீச்சர் ஒருவர் கூடுதலாக வந்து இன்னொரு மேஜையில் உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே நீங்கள் சொன்ன இரண்டு கை அங்கே நாலாகும். எல்லா ஸ்கூலிலும் இது ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். 9 வாங்கிய இடத்திலும் சும்மா கலர் அடிக்கும் வகுப்பைப் பார்த்திருக்கிறேன். அதைத்தான் நேரில் போய்ப் பாருங்கள் என்கிறேன்.

மேற்குப் பக்க மார்க்கில் எவ்வளவு ஸ்கூலுடையது, எவ்வளவு சாயங்கால குமோன் டியூஷனுடையது என்று நாம் மனதைத் தொட்டுச் சொல்ல வேண்டும். மாநிலம் போடும் ஏ முதல் எஃப் வரையிலான கிரேடில் இதற்கு ஓரளவு ஈடு உண்டு. பிள்ளைகள் எவ்வளவு மார்க் வாங்கினார்கள் என்பதும் கடந்த ஆண்டிலிருந்து எவ்வளவு முன்னேறினார்கள் என்பதும் தனித்தனியாகக் கணக்கிடப்படும். இரண்டில் எது நன்றாக இருக்கிறதோ அதற்கு 70 சதவீதம். மீதி 30, பின்தங்கிய பிள்ளைகளின் இடைவெளியைக் குறைத்ததற்கு. ஸ்கூலின் அறிக்கையைத் திறந்து அந்த முன்னேற்றப் பகுதியை மட்டும் பாருங்கள். இரண்டு ஸ்கூலுக்கும் உள்ள தூரம் அங்கே வேறு மாதிரி தெரியலாம்.

இரட்டையர்_அப்பா:
மாநில கிரேடைப் பார்ப்பவர்கள் அது எந்த வருடத்துக்கு உரியது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். டிஸ்ட்ரிக்ட்கள் போட்ட வழக்கால் 2022க்குப் பிறகு 2025 ஏப்ரல் வரை புது கிரேடே வெளிவரவில்லை. அந்த இடைவெளியில் வீடு வாங்கியவர்கள் பழைய எழுத்தைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார்கள். நானும் அதில் ஒருவன்.

செந்தில் அண்ணன் ஸ்கூலுக்காக வீடு என்கிறார். பிளேனோ ஐஎஸ்டி போர்டு 2024 ஜூனில் ஓட்டுப் போட்டு டேவிஸ், ஃபோர்மன் என்ற இரண்டு எலிமெண்டரி ஸ்கூல்களையும் இரண்டு மிடில் ஸ்கூல்களையும் மூட முடிவெடுத்தது. 2024-25 முடிந்ததும் மூடிவிட்டார்கள். வீட்டு விலை ஏறிப்போய் சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் குறைந்துவிட்டன, பிறப்பும் குறைவு. வருடா வருடம் சேர்க்கை இறங்கிக்கொண்டே வந்தது. ஸ்கூல் நடந்துபோகிற தூரம் என்று அங்கே வீடு பிடித்தவர்களின் பிள்ளைகள் இப்போது வேறு ஸ்கூலுக்குப் போகிறார்கள். எல்லைக் கோடு நம் கையில் இல்லை. வாடகை வீடு என்றால் ஒரு வருட லீஸ். அதற்கு மேல் இவ்வளவு பயப்பட வேண்டாம்.

கோவை_அமுதா:
இந்த எண்ணு சண்டைக்குள்ள யாரும் கேக்காத ஒண்ணு. பாப்பா வீட்டுல என்ன பேசுறா? தமிழ்னா இதைப் படிங்க.

சேர்க்கும்போது ஹோம் லாங்குவேஜ் சர்வேன்னு ஒரு தாள் தருவாங்க. வீட்டுல பெரும்பாலும் என்ன மொழி, பிள்ளை பெரும்பாலும் என்ன மொழி பேசுதுன்னு கேப்பாங்க. வேற மொழின்னு எழுதினா பிள்ளைக்கு ஆங்கிலம் எவ்வளவு தெரியும்னு பார்த்து, தேவைப்பட்டா ஈஎஸ்எல்ங்கிற இங்கிலீஷ் உதவி வகுப்புல சேர்ப்பாங்க. "ஈஎஸ்எல்னு முத்திரை குத்திடுவாங்க, இங்கிலீஷ்னு எழுது"ன்னு தோழிங்க சொன்னாங்க. எழுதிட்டேன். ரொம்ப நல்ல ரேட்டிங் உள்ள ஸ்கூல் அது. என் பொண்ணு செப்டம்பர்லருந்து டிசம்பர் வரைக்கும் கிளாஸ்ல வாயே திறக்கல. பாத்ரூம் போகணும்னு கேக்கத் தெரியாம ஒரு நாள் நனைஞ்ச பாவாடையோட பஸ்ல வந்து இறங்கினா. டீச்சர் அவளைக் கூச்சம்னு நெனச்சாங்க. தாள்ல இங்கிலீஷ்னு இருக்கே, அவங்களுக்கு எப்படித் தெரியும்? தப்பு என்னோடது.

அடுத்த வருஷம் வேற ஏரியாவுக்கு மாறினோம். ரேட்டிங் கம்மிதான். ஆனா கிளாஸ்ல ஏழெட்டு பிள்ளைங்க வீட்டுல ஸ்பானிஷ் பேசுறவங்க, ரெண்டு பேர் தெலுங்கு. இங்கிலீஷ் தெரியாத பிள்ளைகிட்ட எப்படிப் பேசணும்னு அந்த டீச்சருக்குக் கை வந்த கலை. படத்தைக் காட்டி, கையைக் காட்டி, பொறுமையா. மார்ச்ல வீட்டுக்கு வந்து "அம்மா, ஐ ஹேவ் எ ஃபிரெண்ட்"னா. அடுப்பை அணைச்சுட்டு அப்படியே உக்காந்து அழுதேன்.

மேற்கு_செந்தில்:
அமுதாக்கா, படிச்சு மனசு கஷ்டமா இருக்கு. எங்க வீட்டுலயும் இங்கிலீஷ்னுதான் எழுதினோம். பையனுக்கு ஏற்கெனவே பேச வந்ததால தப்பிச்சோம். இது எனக்குத் தோணவே இல்ல.

ஆனா என் கருத்தை முழுசா மாத்திக்கல. மேற்கே எங்க ஸ்கூல்ல பேரண்ட்ஸ் சேர்ந்து நிறையச் செய்யுறாங்க, புக் ஃபேருக்கு ஆள் கூப்பிட்டா இருபது பேர் வந்து நிப்பாங்க. அதுக்கும் ஒரு மதிப்பு இருக்கு. கிழக்கே ரெண்டு ஷிஃப்ட் வேலை பார்க்குற அப்பா அம்மாவால அது முடியாது. அது அவங்க குத்தமில்ல, ஆனா பிள்ளைக்கு வித்தியாசம்தான்.

வகுப்பறை_மீனா:
அது உண்மை, மறுக்க மாட்டேன். ஆனால் செந்தில், அந்த இருபது பேரில் ஒருவர் கிழக்கே வந்தால் அங்கே அவர் பத்துப் பேருக்குச் சமம்.

காவேரிக்கரை:
எல்லோருக்கும் நன்றி. போன வாரம் வீடு பார்க்க வந்தபோது இரண்டு ஸ்கூல் ஆபீஸுக்கும் போன் செய்து அனுமதி வாங்கி உள்ளே போய்ப் பார்த்தோம். மேற்கே எல்லாம் பளிச்சென்று இருந்தது, அன்பாகவும் பேசினார்கள். கிண்டர் வகுப்பை மட்டும் கண்ணாடி வழியாகக் காட்டினார்கள்.

கிழக்கே கட்டடம் பழசு. காரிடாரில் ஒரு பையன் ஷூ லேஸ் கட்டத் தெரியாமல் நின்றான். பிரின்சிபால் பேச்சைப் பாதியில் நிறுத்தி, தரையில் உட்கார்ந்து, தானே கட்டிவிடாமல் அவனைக் கட்டவைத்தார். மூன்று முறை தப்பாகப் போனது, நாலாவது முறை முடிச்சு விழுந்தது. நாங்கள் காத்திருந்தோம். மீனா சொன்ன அந்த மேஜையும் அங்கே இருந்தது, வகுப்பில் இரண்டு.

கிழக்கே லீஸ் போட்டுவிட்டோம். செந்தில் அண்ணா, புக் ஃபேருக்கு ஆள் வேண்டுமென்றால் என் பெயரைத்தான் முதலில் கொடுக்கப் போகிறேன். அமுதாக்கா, அந்தத் தாளில் தமிழ் என்றே எழுதுகிறேன்.