வின்னிபெக்ல சனிக்கிழமை "பனி வீசும்"னு போட்டுருக்கு, மக தனியா இருக்கா. எம்புட்டு பயப்படணும்?

திருநகர் அப்பா:
எல்லாருக்கும் வணக்கம். என் மக செப்டம்பர்ல இருந்து கனடா வின்னிபெக்ல படிக்கிறா. நானும் அவ அம்மாவும் காலைல எந்திரிச்சதும் மதுரைல மழையா வெயிலானு பாக்குறதுக்கு முன்னாடி வின்னிபெக் வெதரத்தான் பாப்போம். நேத்து பாத்தா சனிக்கிழமைக்கு மைனஸ் 19, காத்து மணிக்கு 50 கிலோமீட்டர், "ஃபீல்ஸ் லைக்" மைனஸ் 34, அதுக்குக் கீழ "ப்ளோயிங் ஸ்னோ"னு இருக்கு. ஆனா ஸ்னோ பெய்ய வாய்ப்பு எம்புட்டுனு பாத்தா ஒண்ணுமே இல்ல, வானம் தெளிவா இருக்குமாம். பெய்யாத பனி எப்படி வீசும்? 19-ஐ நம்பவா 34-ஐ நம்பவா? ஆடிக் காத்து தெரியும், மார்கழிப் பனி தெரியும், ரெண்டும் ஒண்ணா வந்தா எப்படி இருக்கும்னு நெனச்சே பாக்க முடியல. அன்னைக்கு நைட் அவளுக்கு கடைல பார்ட் டைம் வேலை, 11 மணிக்கு முடிச்சு பஸ் ஸ்டாப்ல நிக்கணும். கேட்டா "ஒண்ணும் இல்லப்பா, இங்க எல்லாரும் போறாங்க"ங்கிறா. அப்படிச் சொல்றதுதான் எங்களுக்கு இன்னும் பயமா இருக்கு. அங்க இருந்தவங்க யாராச்சும் உள்ளத சொல்லுங்க.

வைகைக்கரை:
அண்ணே, நான் அதே ஊர்ல ஆறு வருஷம் இருந்துட்டு இப்ப செல்லூர் வந்துட்டேன். மொதல்ல அந்த "வீசுற பனி"ய சொல்லிர்றேன். கோடைல நம்ம வைகை காஞ்சு கெடக்குறப்ப காத்தடிச்சா மணல் கிளம்பி கண்ணுல அடிக்கும்ல, வானத்துல இருந்தா மணல் பெய்யுது? அதே கதைதான். முன்னாடி பெஞ்ச ஸ்னோ தரைல பொடியா கெடக்கும், மைனஸ் 19-ல அது ஒட்டவே ஒட்டாது, சீனி மாதிரி உதிரும், காத்து வந்து அள்ளிட்டுப் போகும். அண்ணாந்து பாத்தா நீல வானம், ஆள் உசரத்துக்கு மட்டும் ஒரே வெள்ளை. நான் மொத தடவை பாத்தப்ப ரோடே பாம்பு மாதிரி நெளியுதுனு நெனச்சேன்.

அடுத்து 19-ஆ 34-ஆங்கிறது. ரெண்டும் நெசம். மார்கழி விடியக்காலம் அழகர்கோவில் ரோட்டுல பைக் ஓட்டிருப்பீங்க, டீக்கடைல நிக்கிறப்ப ஒண்ணும் தெரியாது, வண்டி 50-ல போனா கை விறைச்சுரும். நம்ம தோல ஒட்டி உடம்புச் சூட்டுல ஒரு மெல்லிசான காத்துப் படலம் இருக்கும், வீசுற காத்து அத உரிச்சு உரிச்சு எடுத்துரும், அதனால சூடு சீக்கிரம் போயிரும். அந்த வேகத்துக்கு ஒரு கணக்கு போட்டுத்தான் 34-ங்கிறான், 2001-ல இருந்து கனடா அமெரிக்கா ரெண்டுலயும் ஒரே கணக்குதான். காத்து இல்லாத மைனஸ் 19-ல நாங்க பேசிக்கிட்டே நடந்து போவோம், 50-ல காத்தடிச்சா அதே மைனஸ் 19 வேற ஊரு மாதிரி இருக்கும். அதனால வெதர் பாக்குறப்ப டிகிரிய விட காத்து எம்புட்டுனு மொதல்ல பாருங்கண்ணே.

இன்னொண்ணு, அந்தப் பக்கம் பூராவும் பல்லாயிரம் வருஷத்துக்கு முன்னாடி அகாசினு ஒரு பெரிய ஏரி இருந்த எடம், அதான் தட்டு மாதிரி சமதரை. காத்தை மறிக்க ஒரு குன்று கெடையாது. ஊருக்குள்ள கட்டடமாச்சும் இருக்கு, ஹைவேல ஒண்ணும் இல்ல. காத்து 40-க்கு மேல, 400 மீட்டருக்கு அங்கிட்டு ஒண்ணும் தெரியாம, நாலு மணி நேரத்துக்குக் குறையாம இருக்கும்னா "ப்ளிசர்ட்"னு எச்சரிக்கை போடுவான். நம்ம தெப்பக்குளம் ஒரு கரை 300 மீட்டர் சொச்சம்னு வைங்க, அதத் தாண்டி கொஞ்ச தூரத்துல இருக்கிறதெல்லாம் மறைஞ்சுரும். அந்த சனி ஞாயிறு பிரெண்ட்ஸ் கூட கார்ல வெளியூர் மட்டும் போகவே வேணாம்னு சொல்லுங்க, இதத்தான் நான் பெருசா சொல்லுவேன். அப்படியே மாட்டிக்கிட்டா கார விட்டு இறங்கி நடக்கக் கூடாது, சைலன்சர் வாய்ல பனி அடைச்சிருக்கானு பாத்து தள்ளிட்டுத்தான் இன்ஜின ஆன் பண்ணணும், இல்லனா புகை உள்ள வந்து ஆளையே கொன்னுரும்.

நர்ஸ் அக்கா ஒத்தக்கடை:
தம்பி, மருமக பிரசவத்துக்காக நான் கனடாலயே ரெஜைனாங்கிற ஊர்ல ஒரு குளிர்காலம் முழுசா இருந்தேன். மைனஸ் 28-ல இருந்து 39 வரைக்கும் அந்த "ஃபீல்ஸ் லைக்" இருந்தா மூடாத தோல் 10 நிமிஷத்துல இருந்து 30 நிமிஷத்துக்குள்ள உறைஞ்சு போகலாம்னு அங்க சொல்லுவாங்க. பஸ் லேட்டானா அது பெரிய நேரம் இல்ல. மூக்கு, காது, கன்னம், விரல் நுனி, இதான் மொதல்ல போகும். வலிக்கிற வரைக்கும் பரவால்ல, வலி நின்னு மரத்துப் போச்சுன்னா, தோல் வெளுத்து மெழுகு மாதிரி ஆச்சுன்னா உடனே உள்ள போயிறணும். தேய்க்கக் கூடாது, ஹீட்டர் மேல கைய வைக்கக் கூடாது, வெதுவெதுப்பான தண்ணில வைக்கணும், சரியாகலனா டாக்டர்கிட்ட காட்டிறணும்.

விளக்குத்தூண்ல ஸ்வெட்டர் வாங்கி பார்சல் போட்டுறாதீங்க, அது இந்தக் காத்துக்கு ஜல்லடை. உள்ள உடம்போட ஒட்டுன தெர்மல், நடுவுல கம்பளி, மேல காத்து புகாத கோட், இதெல்லாம் அங்கயே வாங்கச் சொல்லுங்க. உள்ள காட்டன் வேணாம், வேர்வைய புடிச்சு வச்சுக்கிட்டு அப்புறம் ஜில்லுனு ஆயிரும். அஞ்சு விரல் கிளவுஸ விட விரலெல்லாம் ஒண்ணா இருக்கிற மிட்டன் நல்ல சூடு. தேங்காண்ணெய் தடவுனா குளிராதுனு எங்க அம்மா சொல்லி விட்டாங்க, தோல் வெடிக்காம இருக்க ஏதோ உதவும், உறையுறத அது தடுக்காது.

மன்னவனூர் விவசாயி:
கொடைக்கானல் மேல்மலைல இருந்து எழுதுறேன். எங்களுக்கு இது தலகீழ். எங்க உறைபனி காத்தே இல்லாத ராத்திரில, மேகம் இல்லாம வானம் வெறிச்சுனு இருக்கிறப்பதான் இறங்கும், தரைச் சூடெல்லாம் மேல போயிரும், பள்ளத்துல குளிர் தேங்கிரும், விடிஞ்சு பாத்தா புல்லெல்லாம் உப்பு கொட்டுன மாதிரி, உருளைச் செடி கருகிக் கெடக்கும். கொஞ்சம் காத்தடிச்சா அப்பாடான்னு இருக்கும், அன்னைக்கு பயிர் பொழைச்சுரும். அங்க காத்தே எதிரிங்கிறத படிக்கவே ஒரு மாதிரி இருக்கு. நமக்கு பனினு ஒரே வார்த்தை, கைல படுற ஈரமும் பனிதான், புல்லுல உறையுறதும் பனிதான், ஆளை மறைக்கிறதும் பனிதான், அதான் நம்ம ஊர் நெனப்புல "பனிதானே"ன்னு தோணிருது. "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்"னு சொன்னவங்க அந்த ஊருக்குப் போயிருந்தா என்ன சொல்லிருப்பாங்களோ. பாப்பா பத்திரமா இருக்கட்டும் சார்.

திருநகர் அப்பா:
எல்லாத்தையும் அவளுக்கு அப்படியே அனுப்பிட்டேன், வைகைக்கரை தம்பி எழுதுனத அவ அம்மா போன்லயே வாசிச்சுக் காட்டிட்டா. வெளியூர் போறதா ஒரு பிளான் இருந்துச்சாம், எங்ககிட்ட சொல்லவே இல்ல, கேன்சல் பண்ணிட்டாங்க. வேலைக்கு லீவு கேக்க மாட்டேங்கிறா, ஆனா கடைய விட்டு முன்னாடியே வெளிய வராம பஸ் வர்ற நேரத்த போன்ல பாத்துட்டுத்தான் கிளம்புவேன்னு சத்தியம் பண்ணிருக்கா, கூட வேலை பாக்குற பஞ்சாபிப் பொண்ணும் அதே பஸ்தான். அவளுக்கு சனிக்கிழமை நைட் 11 மணின்னா நமக்கு ஞாயித்துக்கிழமை காலைல பத்தரை. ரூமுக்குள்ள போய் கதவ சாத்திட்டு போன் பண்ணுனு சொல்லிருக்கோம். அது வந்ததும் இங்க வந்து எழுதுறேன்.