மனுவில் முதல் கையெழுத்து போட்டவருக்கு என்ன ஆகிறது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சானல்கரைக்காரன்:
எங்கள் பக்கம் சானல் (பாசனக் கால்வாய்) கரை வீடுகளுக்கு 1905 ஆக்கிரமிப்புச் சட்டம் 7-ஆம் பிரிவில் நோட்டீஸ் வந்தது. நீர்நிலைப் புறம்போக்குக்குப் பட்டா கிடைக்காது என்று எல்லாருக்கும் தெரியும். கேட்டது வேறு இடத்தில் மூணு சென்ட், அதுவரை இடிக்காதீங்க, அவ்வளவுதான். மனு எழுதி முதல் கையெழுத்து போட்டது அண்டி ஆபீசுக்கு (முந்திரி ஆலைக்கு) வேலைக்குப் போகும் ஒரு அக்கா. மனுவுக்குப் பதிலே இல்லை, அக்காவுக்கு மட்டும் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 107-ஆம் பிரிவில் நோட்டீஸ் வந்தது! அமைதியைக் கெடுத்துவிடுவாராம், ஒரு வருஷத்துக்குப் பிணைப் பத்திரம் எழுதித் தர வேண்டுமாம். (புதுச் சட்டத்தில் அது 126. ஸ்டேஷனில் இன்னும் 107 என்றுதான் சொல்கிறார்கள்.) ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போச்சு. "எழுதிக் கொடுத்துட்டுப் போம்மா, உனக்கு எதுக்கு வம்பு" என்று அலுவலகத்திலேயே அறிவுரை. வக்கீல் விடவில்லை. தனிக் காரணம் பதிவு செய்து நீட்டிக்காவிட்டால் ஆறு மாதத்தில் அந்த விசாரணை தானாக முடிந்துவிடும் என்றார். அப்படித்தான் முடிந்தது. அடுத்த தடவை வீட்டுக்கு ஒரு மனு, ஒவ்வொன்றுக்கும் தனி ரசீது. யாரை முதல் ஆள் என்று பிடிப்பது?

மலையோரம்:
பேச்சிப்பாறை அணைக்கு அக்கரையில் காணிப் பழங்குடியினர் குடியிருப்பு ஒன்றில் நான் பார்த்தது. வனக் காவலர் இருவர் வந்து மரச்சீனி (மரவள்ளி) நட்ட இடத்தைக் காலி பண்ணச் சொன்னார்கள். மூட்டுக்காணி (ஊர்த் தலைவர்) சத்தம் போடவில்லை. வீட்டுக்குள் போய் பிளாஸ்டிக் கவரில் இருந்த தாளை எடுத்து வந்தார். 2006 வன உரிமைச் சட்டம், பிரிவு 4(5): உரிமைக் கோரிக்கையைச் சரிபார்த்து முடிக்கும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது. கிராம சபைத் தீர்மான நகலையும் கையில் கொடுத்து, "எழுத்துல தாங்க சார், நாங்க பதில் சொல்றோம்" என்றார். எழுத்தில் ஒன்றும் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் தனியாகப் படகில் இறங்குவதில்லை, கூட ஒரு பையன் போகிறான். அந்த ஜாக்கிரதை தேவை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

தோவாளைப் பிள்ளை:
பட்டியல் சாதி, பழங்குடி ஆட்களைச் சாதி சொல்லி மிரட்டி அவர்கள் நிலத்தில் வேலி போட்டால் 1989 வன்கொடுமைச் சட்டம் இருக்கிறது. டிஎஸ்பிதான் விசாரிக்க வேண்டும், 15ஏ பிரிவின்படி புகார் கொடுத்தவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்பு கேட்கலாம். எங்கள் ஊரில் ஸ்டேஷனிலேயே "பேசி முடிச்சுக்கலாம்" என்றார்கள். பாதுகாப்பு கேட்டு எஸ்பி அலுவலகத்துக்குப் பதிவுத் தபால் போட்டோம், அப்புறம்தான் எஃப்ஐஆர் விழுந்தது.

சானல்கரைக்காரன்:
@தோவாளைப் பிள்ளை, அந்தத் தபால் மாதிரி இருந்தால் இங்கே போடுங்க, பெயரை மறைத்துவிட்டு. திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு நாகர்கோவில் வருகிறோம், அக்காவும் வருவாங்க. யாராவது கூட வந்தால் நல்லது.