மறு: சினேக்ரித்யூர் – திரையெழுத்தா, திரைநடையா?

> ‘சினே’ என்றால் திரை, ‘எக்ரித்யூர்’ என்றால் எழுத்து. ‘திரையெழுத்து’ என்றே வைத்துவிடலாமே.

ஐயா, பிரித்துப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. புழக்கத்தில்தான் இடறும். டைட்டிலில் ஓடும் எழுத்து என்று ஒருவர் கொள்வார், திரைக்கதை எழுதுவது என்று இன்னொருவர் கொள்வார். பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர் அன்யெஸ் வர்தா ‘சினேக்ரித்யூர்’ என்ற இச்சொல்லை ஆக்கியதே திரைக்கதையிலிருந்து இதைப் பிரித்துக் காட்டத்தான். கேமரா எங்கே நிற்கிறது, எப்படி நகர்கிறது, எந்தத் தாளத்தில் வெட்டப்படுகிறது என்பதெல்லாம் இதில் அடங்கும். எழுத்தாளருக்கு வாக்கிய நீளமும் பத்திப் பிரிப்பும் எப்படியோ அப்படி. இலக்கியத்தில் அதை நடை என்கிறோம். சினிமாவில் அதுவே சினேக்ரித்யூர் என்பது அவர் தந்த விளக்கம்.

ஆகவே ‘திரைநடை’.

வர்தாவின் ‘சான் த்வா நி ல்வா’வை (1985, வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது) எடுத்துக்கொள்ளுங்கள். வீடற்ற மோனா நடந்துகொண்டே இருக்கும் படம். அதன் ட்ராலி ஷாட்கள் (கேமராவையே நகர்த்தி எடுப்பவை) வலமிருந்து இடமாகப் போகின்றன. பிரெஞ்சுக்காரரும் நாமும் படிக்கும் திசைக்கு எதிர். மோனாவை விட்டு விலகி ஏதோ ஒரு பொருளில் ஷாட் முடியும். இடையில் வேறு காட்சிகள் வந்துபோன பின், அதையொத்த பொருளில் அடுத்த ட்ராலி தொடங்கும். காகிதத்தில் இது ‘மோனா நடக்கிறாள்’ என்ற ஒற்றை வரி. ‘நடை’ இங்கே இரு பொருளிலும் பொருந்துவது பிரெஞ்சுச் சொல்லுக்கே வாய்க்காத பேறு.

அறுவடையில் மிஞ்சியதைப் பொறுக்குவோர் பற்றிய 2000ஆம் ஆண்டு ஆவணப்படத்தில், வர்தா தன் சிறு டிஜிட்டல் கேமராவை நிறுத்த மறந்துவிடுகிறார். லென்ஸ் மூடி ஊசலாடுவது பதிவாகிறது. அதற்கு ஜாஸ் இசை சேர்த்துப் படத்திலேயே வைத்துக்கொண்டார். எடிட்டிங்கில் பிறந்த அந்தக் காட்சியை எழுத்து என்று எப்படிச் சொல்வது?

> நடை சரி, வினைச்சொல்? அவர் ‘சினேக்ரி’ என்று வினையாகவும் பயன்படுத்துகிறாரே. ‘எழுத்து’ என்றால் ‘எழுதினார்’ வந்துவிடும்.

நியாயமான தடை. டைட்டிலில் சிக்கல் இல்லை: ‘வசனம்’, ‘இயக்கம்’ என்று பெயர்ச்சொல்லாகவே போடுவது நம் வழக்கம், ‘திரைநடை: அன்யெஸ் வர்தா’ இயல்பாக உட்காரும். கட்டுரையில்தான் வினை வேண்டும். ‘திரைநடைப்படுத்தினார்’ வாயில் நுழையாது. ‘நடத்தினார்’ நிகழ்ச்சி நடத்துவதாகிவிடும். ‘திரைநடை அமைத்தார்’ என்பதை இப்போதைக்கு முன்வைக்கிறேன். ஒரே சொல்லாக இதைவிடச் சுருங்கியது கிடைத்தால் இந்த இழையிலேயே சொல்லுங்கள்.