கரண்டியில் நீலமாக எரிந்தால் கசிப்பு நல்லதா?

பசறைப் பிள்ளை:
ஞாயிற்றுக்கிழமை சின்ன மாமா ஒரு சோடாப் போத்தலில் கசிப்பு, அதுதான் கள்ளச் சாராயம், கொண்டு வந்தார். மொனராகலைப் பக்கம் கரும்புப் பாகில் காய்ச்சியதாம். நான் வேண்டாம் என்றதும் தேக்கரண்டியில் ஊற்றிக் கொளுத்தினார். நீலமாக எரிந்தது. "பாத்தியா புள்ள, சுத்தமான சாமான்" என்கிறார். இதை நம்பலாமா? அவருக்கு 58 வயது, ஏற்கெனவே சீனி வருத்தம். பயமாக இருக்கிறது.

ஹட்டன் லேப்காரன்:
நம்பாதீங்க தங்கச்சி. சாராயத்தில் இருக்க வேண்டியது எதனோல்; ஆனால் மெத்தனோல் என்ற நச்சு அல்கஹோலும் நீலமாகத்தான் எரியும். வெயிலில் அந்தச் சுடர் கண்ணுக்கே தெரியாது. இரண்டும் கலந்திருந்தால் கரண்டி காட்டிக் கொடுக்காது. அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டரும் உதவாது, இரண்டுக்கும் அடர்த்தி கிட்டத்தட்ட 0.79.

மெத்தனோல், பழங்களில் உள்ள பெக்டின் என்ற பசைப் பொருளிலிருந்து வருவது. கரும்பில் பெக்டின் சொற்பம், அதனால் கரும்புச் சாராயத்தில் அது இயல்பாகவே குறைவு. ஆளைக் கொல்லும் அளவுக்கு இருந்தால், பெரும்பாலும் யாரோ கலந்ததுதான். அந்தப் போத்தல் எத்தனை கை மாறி வந்தது என்று மாமாவுக்குத் தெரியுமா?

அது இல்லாவிட்டாலும் வேறு சங்கதி இருக்கு. செம்புக் குழாயில் படிந்த பச்சைக் களிம்பு வடியலோடு இறங்கும். புற்றுநோய்ச் சந்தேகம் உள்ள எதைல் கார்பமேட்டும் உருவாகலாம். பிரேசிலில் கஷாசா என்ற கரும்புச் சாராயத்துக்கு லிட்டருக்குச் செம்பு 5 மில்லிகிராம், எதைல் கார்பமேட் 210 மைக்ரோகிராம் என்று உச்ச வரம்பு வைத்திருக்கிறார்கள். இவ்வளவு சின்ன அளவை எந்த நாக்கு கண்டுபிடிக்கும்? நாங்கள் கலவையை ஆவியாக்கிப் பிரித்துக் காட்டும் ஜீ.சி. மெஷினில் ஊசியால் ஒரு மைக்ரோலிட்டர் ஏற்றுவோம். வரைபடத்தில் எதனோலுக்குச் சற்று முன்னால் மெத்தனோல் தனிக் கூம்பாக எழும். அதைப் பார்த்த பிறகுதான் வாய் திறப்போம்.

பதுளை நர்ஸ் அக்கா:
மெத்தனோல் கலந்ததைக் குடித்த அன்றைக்கு ஒன்றும் தெரியாது, அதுதான் ஆபத்து. 12 முதல் 24 மணி நேரம் கழித்து வாந்தி, வயிற்று வலி வரும், கண்ணுக்கு முன்னால் பனி மூடின மாதிரி இருக்கும். "வெறி முறியல" என்று படுக்க வைக்காதீங்க. ஈரல் மெத்தனோலைப் போர்மிக் அமிலமாக மாற்றும், பார்வையைப் பறிப்பது அதுதான். நேரத்தோடு வந்தால் மாற்று மருந்து, டயலிசிஸ் என்று வழி உண்டு. பொலிசுக்குப் பயந்து போத்தலை ஒளிக்காமல் கூடவே கொண்டு வாங்க.

பசறைப் பிள்ளை:
நன்றி அண்ணா, அக்கா. மாமாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். ஒரு மூடிதான் குடித்தாராம், இரண்டு நாளாகியும் கண் தெளிவாக இருக்கிறது. மிச்சத்தை லயத்துக்குப் பின்னால் கானில் ஊற்றிவிட்டேன். மாமா இன்னும் என்னோடு பேசவில்லை.