இரத்த வளர்ப்பில் ‘காண்டிடா ஹீமுலோனி’: கருவி சொல்வதை அப்படியே அறிக்கையாக்கலாமா?

கேள்வி: ஆய்வக மாணவி
தீவிர சிகிச்சைப் பிரிவில் மையச் சிரைக் குழாயுடன் இருக்கும் நோயாளியின் இரத்த வளர்ப்பில் ஈஸ்ட் (ஒற்றைச்செல் பூஞ்சை) வளர்ந்துள்ளது. காண்டிடா அல்பிகன்ஸை அடையாளம் காண உதவும் ஜெர்ம் டியூப் சோதனை நெகடிவ். தானியங்கிக் கருவி இதைக் காண்டிடா ஹீமுலோனி என்கிறது, எம்.ஐ.சி. (வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான மிகக் குறைந்த மருந்துச் செறிவு, மி.லி.க்கு மைக்ரோகிராமில்) பூஞ்சை எதிர்ப்பு மருந்துகளான ஃபுளுகோனசோலுக்கு 64, ஆம்போடெரிசின் பி-க்கு 8. இரண்டு மருந்துகளும் பயன்படா என்று எழுதிவிடலாமா?

பதில் 1: பூஞ்சையியலாளர்
பொறுங்கள். இரத்தத்தில் ஹீமுலோனி என்று கருவி சொன்னால், வேறு என்று உறுதியாகும் வரை அதைக் காண்டிடா ஆரிஸ் என்றே கருத வேண்டும். 2009-இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து பிரித்து விவரிக்கப்பட்ட இந்த இனம், சர்க்கரைகளைப் பயன்படுத்தும் முறையில் ஹீமுலோனியை மிகவும் ஒத்திருப்பதால், பழைய தரவுத்தளம் கொண்ட கருவிகள் தமக்குத் தெரிந்த பெயரையே சூட்டிவிடுகின்றன. 42 டிகிரி செல்சியஸில் வளர்த்துப் பாருங்கள். நன்றாக வளர்ந்தால் ஐயம் வலுக்கும். ஆனால் உறுதிப்படுத்த, தரவுத்தளம் புதுப்பிக்கப்பட்ட மால்டி-டாஃப் கருவியோ (புரதங்களின் நிறையைக் கொண்டு இனம் காண்பது), ஐ.டி.எஸ். என்னும் டி.என்.ஏ. பகுதியின் வரிசையோதான் வேண்டும். குரோம் அகாரில் (இனத்துக்கேற்ப நிறம் காட்டும் வளர்ப்பு ஊடகம்) தெரியும் நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பதில் 2: மருத்துவ நுண்ணுயிரியலாளர்
மேலே சொன்னதை ஏற்கிறேன்; எம்.ஐ.சி. பற்றி மட்டும் சேர்க்கிறேன். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. தற்காலிகமாக வகுத்த எல்லைப்படி ஃபுளுகோனசோல் 32 அல்லது அதற்கு மேல், ஆம்போடெரிசின் 2 அல்லது அதற்கு மேல் இருந்தால் எதிர்ப்புத்திறன் உண்டு எனலாம். ஃபுளுகோனசோல் முடிவில் வியப்பில்லை, பெரும்பாலான ஆரிஸ் வகைகள் அப்படித்தான். ஆம்போடெரிசினுக்குத் தானியங்கிக் கருவிகள் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டுவதுண்டு என்பதால், அந்த 8-ஐத் திரவ நுண்நீர்த்தல் முறையிலோ (மருந்தைப் படிப்படியாக நீர்த்துச் சோதிப்பது) மருந்து தடவிய பட்டை முறையிலோ சரிபார்க்காமல் எழுதக்கூடாது. எக்கைனோகாண்டின் வகைப் பூஞ்சை எதிர்ப்பு மருந்தான காஸ்போஃபங்கினைச் சோதிக்கும்போது, அதிகச் செறிவுள்ள சோதனைத் தட்டுக் குழிகளில் மீண்டும் வளர்ச்சி தெரிந்து குழப்பலாம். அதே வகையைச் சேர்ந்த மைகாஃபங்கினையும் சேர்த்துச் சோதியுங்கள். சிகிச்சை இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டியதில்லை. எக்கைனோகாண்டின் வகை மருந்தைத் தொடங்குவது பற்றி மருத்துவரிடம் இன்றே தொலைபேசியில் பேசுங்கள்.

ஆய்வக மாணவி
நன்றி ஐயா. 42 டிகிரியில் அடர்த்தியாக வளர்ந்துள்ளது. மாதிரியை உயர்நிலை ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம். வார்டுக்கு இப்போதே தெரிவிக்க வேண்டுமா?

பதில் 1: பூஞ்சையியலாளர்
கட்டாயம். இந்த ஈஸ்ட் தோலிலும் கட்டில் கம்பியிலும் நெடுநாள் தங்கும். குவாட்டர்னரி அமோனியம் கிருமிநாசினிகளை மட்டும் நம்பாமல் குளோரின் வகையால் துடைக்கச் சொல்லுங்கள். பக்கத்துப் படுக்கை நோயாளிகளின் அக்குளிலும் கவட்டிலும் ஸ்வாப் எடுக்கச் சொல்லுங்கள்.