முதல் பிராக்டிகல் போட்டிக்கு ஆறு அறை ரிவால்வருடன் போகலாமா?

புதுவரவு எழுதியது:

என்னிடம் இருப்பது நான்கு அங்குலக் குழல் கொண்ட ஸ்மித் அண்ட் வெஸன் 686, ஆறு அறை,.357 மேக்னம். அடுத்த மாதம் நடக்கவிருக்கும் கிளப் அளவிலான யு.எஸ்.பி.எஸ்.ஏ. போட்டிக்கு, அதாவது அமெரிக்க பிராக்டிகல் சுடுதல் சங்கத்தின் விதிப்படி நகர்ந்துகொண்டே நேரத்துக்கு எதிராகச் சுடும் போட்டிக்கு, பெயர் கொடுத்திருக்கிறேன். நின்ற இடத்திலிருந்து ஒற்றை இலக்கைச் சுட்டுப் பழகியதைத் தவிர வேறு அனுபவம் எனக்குக் கிடையாது. குமிழைத் திருகித் தோட்டாக்களை விடுவிக்கும் ஸ்பீட்லோடர்கள் (ஆறு தோட்டாக்களையும் ஒரே முறையில் நிரப்பும் கருவிகள்) சில கையில் உள்ளன. போட்டிக்கு முன்பாக மூன் கிளிப் (தோட்டாக்களை ஒன்றாகப் பிடித்து, அவற்றோடு சிலிண்டருக்குள் போகும் தகடு) பொருந்தும்படி சிலிண்டரைக் கடைந்துகொள்வதா, ட்ரிகரை இலகுவாக்கிக்கொள்வதா, எட்டு அறை ரிவால்வர் ஒன்றைத் தேடுவதா, இல்லை இருப்பதை எடுத்துக்கொண்டு போய் நிற்பதா என்று முடிவெடுக்க முடியவில்லை. அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஆறறை எழுதியது:

துப்பாக்கியின் ஒரு திருகாணியைக்கூடத் தொடாதீர்கள். முதல் போட்டியில் உங்களைத் தடுமாற வைக்கப்போவது ட்ரிகரின் கனம் அல்ல. டைமர் ஒலித்த பிறகு, ஆறு தோட்டாக்களும் தீர்ந்த நிலையில், அடுத்து எந்தக் கை எங்கே போக வேண்டும் என்று தெரியாமல் நிற்கும் அந்தக் கணம்தான். அதற்குப் பணம் கொடுத்து வாங்கக்கூடிய மருந்து இல்லை.

வலக்கையால் சுடுபவர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். துப்பாக்கியை இடக்கைக்கு மாற்றிச் சிலிண்டரைத் திறந்து, குழல் வாய் மேலே பார்க்கும்படி நிமிர்த்தி, காலிக் கூடுகளை வெளியே தள்ளும் எஜெக்டர் தண்டை ஒரே ஒரு முறை, தயங்காமல், கடைசிவரை அழுத்த வேண்டும். நிமிர்த்தாமல் அழுத்தினால் எரியாத வெடிமருந்துத் துகள்கள் எஜெக்டர் நட்சத்திரத்தின் (கூடுகளின் விளிம்பைப் பிடித்துத் தள்ளும் நட்சத்திர வடிவத் தகடு) அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதன் பிறகு சிலிண்டர் மூடாது, அல்லது மூடியும் சுழலாது. அரைகுறையாக அழுத்தினால் காலிக் கூடு ஒன்று நட்சத்திரத்தின் கீழே நழுவிச் சிக்கிக்கொள்ளும். அதை எடுப்பதற்குள் அந்த ஸ்டேஜே (போட்டியின் ஒரு சுற்று) போய்விடும். கூடுகள் விழுந்ததும் குழல் வாயைத் தாழ்த்தி, வலக்கையால் லோடரை எடுத்துச் செருக வேண்டும்.

இப்படி வலக்கையால் நிரப்புவதாக இருந்தால் லோடர்கள் பெல்ட்டின் வலப்பக்கம், ஹோல்ஸ்டருக்கு முன்னால் இருக்க வேண்டும். பிஸ்டல் சுடுபவர்களைப் பார்த்து இடப்பக்கம் மாட்டிக்கொண்டு வந்து, வயிற்றுக்குக் குறுக்கே கையை விட்டுத் துழாவுகிற புதியவர்களைப் போட்டிக்குப் போட்டி பார்க்கலாம்.

.357க்குப் பதிலாக .38 ஸ்பெஷல் தோட்டாவையே பயன்படுத்துங்கள். கூடு நீளம் குறைவு என்பதால் எஜெக்டர் அதை முழுமையாக வெளியே தள்ளிவிடும். குண்டின் முனை உருண்டையாக இருக்கட்டும். தட்டை முனை அறையின் விளிம்பில் முட்டி நிற்கும், உருண்டை முனை தானாக வழி தேடிக்கொள்ளும்.

எட்டுக்கணக்கு எழுதியது:

ஆறறையார் ரீலோடு பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ஆறு அறையோடு யு.எஸ்.பி.எஸ்.ஏ. போட்டிக்குப் போகச் சொல்வதன் விலையை அவர் மறைத்துவிட்டார். அந்த விதிகளின்படி ஒரே இடத்திலிருந்து எட்டு மதிப்பெண் துளைகள் வரை கேட்கலாம். ஸ்டேஜ் அமைப்பவர்கள் அந்த எல்லை வரை தாராளமாகப் போவார்கள். நான்கு காகித இலக்குகள், ஒவ்வொன்றிலும் இரண்டு துளைகள், எல்லாம் துளைக்கு ஐந்து புள்ளி தரும் ஏ பகுதியில் என்று வையுங்கள், 40 புள்ளிகள். எட்டு அறைக்காரர் 8 விநாடியில் முடித்தால் ஹிட் ஃபாக்டர், அதாவது புள்ளிகளை விநாடிகளால் வகுத்தால் வருவது, 5.00. அதே திறமையுள்ள ஆறு அறைக்காரர் நின்ற இடத்திலேயே 3 விநாடி ரீலோடு செய்தால் 40ஐ 11ஆல் வகுக்க வேண்டும், 3.64தான் கிடைக்கும். திருகு லோடரும் புதிய கையும் சேர்ந்தால் அந்த ரீலோடு 5 விநாடிக்குக் குறையாது, 3.08க்கு இறங்கிவிடும். சுடும் திறமையில் எந்தக் குறையும் இல்லாமலேயே ஒருவர் இவ்வளவு இழப்பது நியாயமா என்பதுதான் என் கேள்வி.

ரீலோடு வேகத்தைப் பொறுத்தவரை மூன் கிளிப்புக்கு ஈடு கிடையாது. 1999இல் ரிவால்வர் சாதனையாளர் ஜெரி மிக்குலெக் ஆறு தோட்டா சுட்டு, ரீலோடு செய்து, மீண்டும் ஆறு சுட்டு, மொத்தத்தையும் 2.99 விநாடியில் முடித்தார் என்றால், கையில் இருந்தது மூன் கிளிப் போட்ட ஸ்மித் அண்ட் வெஸன் 625 ரிவால்வர். லோடரைத் திருகிக்கொண்டு அதைச் செய்திருக்க முடியாது.

என் பரிந்துரை இது: எட்டு அறை வாங்க இப்போது மனமில்லை என்றால், முதல் போட்டியாக, எஃகுத் தகடுகளை நேரத்துக்கு எதிராகச் சுடும் ஸ்டீல் சேலஞ்சுக்குப் போங்கள். ஒவ்வொரு ஸ்டேஜிலும் ஐந்து தகடுகள்தான். ஆறு அறை ரிவால்வருக்கு ஒரு தோட்டா மிச்சம் இருக்கும். பெரும்பாலான ஸ்டேஜ்களில் ஐந்து முறை சுட்டு, மிக மெதுவான ஒன்றைக் கழித்துவிடுவார்கள். ரீலோடு என்ற பயமே இல்லாமல் டைமருக்குப் பழகலாம்.

ஆறறை எழுதியது:

எட்டுக்கணக்கு அவர்களே, உங்கள் வகுத்தல் சரி, எடுத்துக்கொண்ட ஸ்டேஜ்தான் உங்களுக்கு வசதியானது. எட்டு என்பது உச்சவரம்பு. எல்லா இடத்திலும் எட்டு கேட்கிறார்கள் என்று பொருள் அல்ல. ஒரு நிலையில் நான்கு, அடுத்ததில் ஆறு என்று பிரிந்திருக்கும் ஸ்டேஜில், நடக்கும்போதே ரீலோடு முடிந்துவிடும். அந்த நேரம் எப்படியும் காலில் செலவாகப் போகிற நேரம். இரண்டு தோட்டா மிச்சம் இருக்கும்போதே அவற்றைத் தரையில் கொட்டிவிட்டு முழுதாக நிரப்பிக்கொண்டு நகரும் துணிவைத்தான் புதியவர் பழக வேண்டும். ஸ்டேஜைச் சுற்றி நடந்து பார்க்கத் தரும் நேரத்தில் மற்றவர்கள் இலக்குகளை எண்ணுவார்கள். ரிவால்வர்காரர் ரீலோடு செய்யப்போகும் இடங்களையும் எண்ண வேண்டும்.

ஸ்டீல் சேலஞ்ச் இனிமையான விளையாட்டு. ஆனால் அதன் எட்டு ஸ்டேஜ்களில் அவுட்டர் லிமிட்ஸ் ஒன்றில்தான் இடம் மாறிச் சுட வேண்டும். மற்றவற்றில் ஒரு பெட்டிக்குள் நின்று சுடுவது, அவர் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதன் வேகமான வடிவம். அவர் கேட்டது பிராக்டிகல் போட்டியைப் பற்றி.

மிக்குலெக்கின் 2.99 விநாடிக்குக் காரணம் கிளிப் என்று நம்பினால் கடையில் கிளிப் வாங்குபவர்கள் எல்லோரும் சாதனையாளர்கள்தான். தவிர, மூன் கிளிப் மெல்லிய எஃகுத் தகடு. பையில் அழுந்தியோ காலடியில் மிதிபட்டோ சற்றே வளைந்தால் போதும், சிலிண்டர் பின்தகட்டில் உரசி இறுகிவிடும். ஒவ்வொரு கிளிப்பையும் சுழற்றிப் பார்த்துத் தேறியதை மட்டும் எடுத்து வைக்கும் பழக்கம் வராதவருக்கு அது வரமல்ல.

தளநடுவர் எழுதியது:

இருவரும் ஹிட் ஃபாக்டரில் இறங்கிவிட்டீர்கள். ரேஞ்ச் ஆபீசராக நிற்பவன் என்ற முறையில், புதியவர் வீட்டுக்குச் சீக்கிரம் திரும்பிப் போகக் காரணமாக அமைபவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

ரிவால்வரை இடக்கைக்கு மாற்றும்போது வலக்கையின் சுட்டுவிரல் ட்ரிகர் வளையத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அது தகுதி நீக்கம். தோட்டா நிரப்பக் குழல் வாயைத் தாழ்த்தும்போது பலர் அதைத் தங்கள் பெல்ட்டை நோக்கியே சாய்த்துக்கொள்கிறார்கள். பாதத்துக்கு முன்னால், இலக்குத் திசையில் சரிந்திருக்க வேண்டிய குழல், இலக்குத் திசையையும் பின்திசையையும் பிரிக்கும் 180 பாகைக் கோட்டைத் தாண்டிப் பின்னால் பார்க்கிறது. சிலிண்டர் திறந்திருந்ததே, சுட்டிருக்க முடியாதே என்று வாதிடுவார்கள். விதி துப்பாக்கி நிரம்பியதா காலியா என்று பார்ப்பதில்லை. ஆறறை சொன்னபடி குழலை நிமிர்த்திக் கூடுகளைக் கொட்டுவது சரியே என்றாலும், மண்மேட்டுக்கு மேலே குழல் வாய் போகக் கூடாது என்ற தளவிதி சில இடங்களில் உண்டு. போனவுடன் கேட்டுவிடுங்கள்.

பிஸ்டலில் இருந்து வருபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. இரண்டு பெருவிரல்களையும் முன்னோக்கி நீட்டிப் பிடிக்கும் பழக்கம் இங்கே ஆகாது. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் பீறிடும் சூடான வாயு விரலைக் கிழித்துவிடும். ஒரு பெருவிரலின் மேல் மற்றொன்றை மடித்துப் பூட்டி, பிடியின் பின்பக்கத்தில் எவ்வளவு மேலே முடியுமோ அவ்வளவு மேலே பிடியுங்கள்.

முடிவில் 'அன்லோட் அண்ட் ஷோ கிளியர்' என்றதும் கூடுகளைக் கொட்டி, ஆறு அறைகளிலும் வெளிச்சம் தெரியும்படி எனக்குக் காட்டுங்கள். நான் அடுத்த ஆணை சொன்ன பிறகே சிலிண்டரை மூடி ஹோல்ஸ்டரில் போட வேண்டும்.

எட்டுக்கணக்கு எழுதியது:

தளநடுவர் சொன்னவை எதிலும் விவாதத்துக்கு இடமில்லை. ஆறறையிடம்தான் இரண்டு கேள்விகள் பாக்கி.

முதலாவது, .38 ஸ்பெஷல் என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். கடையில் கிடைக்கும் சாதாரண 158 கிரெய்ன் எடையுள்ள ஈயக் குண்டின் வேகமாகப் பெட்டியில் போட்டிருப்பது நொடிக்கு 755 அடி. எடையையும் வேகத்தையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால், தோட்டாவின் வலுவைக் காட்டும் பவர் ஃபாக்டர் 119. குறைந்த வலு வகுப்பான மைனருக்கான 125ஐக்கூட அது எட்டவில்லை. வேகம் அளந்தார்கள் என்றால் அவருடைய மதிப்பெண் முழுவதும் செல்லாது.

இரண்டாவது, ஆறு அறையில் தவறவிட்ட ஒரு குண்டை ஈடுசெய்ய நினைத்தாலே திட்டம் குலைந்துவிடுமே. புதியவர் குறி தவறாமல் சுடுவார் என்று எதை வைத்து நம்புகிறீர்கள்?

ஆறறை எழுதியது:

முதல் கேள்வி நியாயமானது. கிளப் போட்டிகளில் பெரும்பாலும் வேகம் அளக்க மாட்டார்கள் என்று சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை. அதே 158 கிரெய்ன் குண்டு 800 அடி வேகத்தில் போனால் 126 வந்துவிடும். அந்த வேகம் தருகிற தோட்டாவாகப் பார்த்து வாங்க வேண்டும், அல்லது சற்று வலுவாகத் தாமே தயாரிக்க வேண்டும். 165 தேவைப்படும் மேல் வகுப்பான மேஜரை எட்ட இந்தக் குண்டு 1,050 அடியில் போக வேண்டும். முதல் போட்டிக்கு அந்த உதைப்பு வேண்டாம்.

இரண்டாவது கேள்விக்கு உங்கள் ஸ்டேஜையும் அந்த எட்டு அறைக்காரரையுமே எடுத்துக்கொள்கிறேன். எட்டில் ஒன்று விளிம்பிலுள்ள டி பகுதியில் விழுந்தால் மைனரில் அதற்கு ஒரு புள்ளிதான், மொத்தம் 36 புள்ளிகள். 8 விநாடிக்கு 4.50. அதைத் திருத்த நின்ற இடத்தில் ஒரு ரீலோடு கூடுதலாகச் செய்தால் 40 புள்ளிகள், 11 விநாடி, 3.64. ஆகவே டியை அப்படியே விட்டுவிட வேண்டும். ஆனால் ஒன்று முழுவதுமாகத் தவறினால் ஐந்து புள்ளி போவதோடு பத்து தண்டமும் சேர்ந்து 25தான் மிஞ்சும். 8 விநாடிக்கு 3.13. அங்கே ரீலோடு செய்து ஈடுகட்டுவதே லாபம். ஆறு அறை ரிவால்வர் இந்தத் தீர்ப்பை ஒவ்வொரு ஸ்டேஜிலும் கேட்கும். பார்வைக் குறியில் கண் நின்றால்தான் குண்டு எங்கே போனது என்று சுடும்போதே தெரியும். தெரிந்தால்தான் தீர்ப்புச் சொல்ல முடியும். நிறையத் தோட்டா உள்ளவர்கள் இதைப் பழகவே வருடங்கள் ஆகின்றன.

புதுவரவு எழுதியது:

மிக்க நன்றி. இருக்கிற துப்பாக்கியோடு போவது என்று தீர்மானித்துவிட்டேன். ஆனால் ட்ரிகரைப் பற்றி ஒருவரும் தெளிவாகச் சொல்லவில்லை. சுத்தியல் ஸ்பிரிங்கை மட்டுமாவது மாற்றலாமா? இன்னொன்று: போட்டி நாளன்று சேஃப்டி ஏரியாவில் டம்மி தோட்டாக்களை வைத்து லோடர் பயிற்சி செய்யலாமா?

எட்டுக்கணக்கு எழுதியது:

ஸ்பிரிங்கை மாற்றுங்கள் என்பதே என் கருத்து. டபுள் ஆக்‌ஷனில் சுத்தியலையும் விரலே உயர்த்துவதால் பத்துப் பவுண்டுக்கு மேல் இழுக்க வேண்டிய ட்ரிகர், பகல் முழுவதும் சுட்டபின் விரலை நடுங்க வைக்கும். இலகுவான ஸ்பிரிங்குக்கு ஃபெடரல் நிறுவனத்தின் பிரைமர் (சுத்தியல் அடித்ததும் தீப்பற்றும் சிறு மூடி) போட்ட தோட்டாக்களைப் பயன்படுத்தினால் போதும். அவை எளிதில் வெடிக்கும்.

ஆறறை எழுதியது:

அந்தப் பிரைமர் கிடைக்காத வாரத்தில் என்ன செய்வார்? 'கிளிக்' என்ற சத்தம் மட்டும் கேட்கும் ரிவால்வரைவிடக் கனமான ட்ரிகர் மேல். ட்ரிகரைப் பாதியில் நிறுத்திக் குறிபார்க்காமல், ஒரே சீராகக் கடைசிவரை உருட்டிச் செல்லும் பழக்கத்தை வீட்டில், தோட்டாவே இல்லாத அறையில், ஸ்னாப் கேப் (பயிற்சிக்கான போலித் தோட்டா) போட்டுப் பழகட்டும். விரல் பலப்பட்டுவிடும். நாணயம் சமநிலையில் நிற்கிறதா என்று பார்ப்பதைப்போலத் தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் கண்ணாடி மேல் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஆடுகிற தோட்டாவில் பிரைமர் வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது, அது சிலிண்டரைப் பூட்டிவிடும். ஸ்பிரிங்கைவிட அதுதான் அவருக்கு உதவும்.

தளநடுவர் எழுதியது:

கூடாது. சேஃப்டி ஏரியாவில் டம்மி, ஸ்னாப் கேப், காலிக் கூடு எதையும் கையில் எடுக்கக் கூடாது. எடுத்தால் அன்றைய போட்டி அதோடு முடிந்தது. அங்கே காலித் துப்பாக்கியை உருவிப் பார்க்கலாம், ஹோல்ஸ்டரைச் சரிசெய்துகொள்ளலாம். லோடர்களை வீட்டிலேயே நிரப்பி வாருங்கள். மேலும் நிரப்ப வேண்டியிருந்தால் துப்பாக்கியைத் தொடாமல், சேஃப்டி ஏரியாவுக்கு வெளியே நிரப்புங்கள்.

பிடியின் இடப்பக்கத் தகட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள். சில மரப்பிடிகளின் மேல்விளிம்பில் லோடர் இடித்து, ஆறு தோட்டாவும் உள்ளே போகாமல் பாதியில் நிற்கும். அரத்தால் சற்று இழைத்தால் சரியாகிவிடும். இதற்காக எந்த ஸ்பிரிங்கையும் கழற்ற வேண்டியதில்லை.